பாரிஸ் போகும் முன் ஒரு செஞ்சி

திண்டிவனத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். தை மாதம் கல்யாணம் முடிந்ததாம். சித்திரை கழிந்ததும் கணவரோடு ஒரு வாரம் பாரிஸ் போகிறார். விசா, டிக்கெட் எல்லாம் தயார். வீட்டில் இப்போது நடக்கும் ஒரே விவாதம், கேமரா.

"பெரிய கேமரா ஒன்றை இ.எம்.ஐ.யில் வாங்கலாம் என்கிறார் அவர். இரண்டு லென்ஸ், பை, முக்காலி எல்லாம் சேர்த்தால் லட்சத்தைத் தாண்டுகிறது. போன் போதாதா என்று நான் கேட்டால், 'ஆயுசுக்கு ஒரு தடவை போகிறோம், படம் நன்றாக வர வேண்டாமா?' என்கிறார். தூக்க லேசாகவும் இருக்க வேண்டும், படமும் அழகாக வர வேண்டும். அப்படி ஒரு கேமரா சொல்லுங்களேன். மாமனார், மாமியாரும் உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கிறார்கள்" என்று முடித்திருக்கிறார்.

மாமனார், மாமியார் வரை விஷயம் போய்விட்டதால் யோசித்துத்தான் பதில் சொல்ல வேண்டும். ஒரு மாடல் பெயரைச் சொல்லிவிட்டுப் போவது சுலபம். ஆனால் ஆறு மாதத்தில் அந்த மாடல் பழசாகிவிடும், இ.எம்.ஐ. மட்டும் மாதா மாதம் புதுசாக வந்து நிற்கும்.

அதனால் சகோதரி, கடைக்குப் போகும் முன் ஒரு சின்ன வேலை சொல்கிறேன். உங்கள் ஊரிலிருந்து சுமார் 28 கிலோமீட்டரில் செஞ்சி. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, இருவரும் கையில் இருக்கும் போனோடு போய் ராஜகிரி மலை ஏறி இறங்குங்கள். எந்தக் கேமரா வேண்டும், வேண்டுமா வேண்டாமா என்பதை அந்த மலையே சொல்லிவிடும்.

பாரிஸைக் கேட்டால் செஞ்சியைச் சொல்கிறாரே என்று நினைக்காதீர்கள். சம்பந்தம் இருக்கிறது. 2025 ஜூலை 11 அன்று, பாரிஸில் கூடிய யுனெஸ்கோ குழுதான் மராட்டியர் வரலாற்றோடு தொடர்புடைய 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அதில் 11 மகாராஷ்டிரத்தில் இருக்கின்றன. மிச்சம் ஒன்று நம் செஞ்சி. பாரிஸ்காரர்கள் தங்கள் ஊருக்கு வருகிறவர்களிடம் எதைப் பெருமையாகக் காட்டுவார்களோ, அதற்குச் சமமான ஒன்று உங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரப் பேருந்துப் பயணத்தில் இருக்கிறது.

மாட்டு வண்டியிலிருந்து சட்டைப் பைக்கு

முதலில் எடை விஷயத்தைப் பார்த்துவிடுவோம்.

கேமராவை எப்படி லேசாக்குவது என்ற கவலை நமக்கு மட்டும் வந்ததல்ல. 1857 கடைசியிலும் 1858-லும் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக லின்னேயஸ் டிரைப் என்பவர் ஸ்ரீரங்கம், மதுரை, தஞ்சாவூர் என்று சுற்றினார். அவருடைய சாமான்கள் மாட்டு வண்டிகளில் போயின. கண்ணாடித் தகடு கனம், வழியில் உடையும். ஆகவே பெரும்பாலும் மெழுகு ஏற்றிய காகித நெகட்டிவைப் பயன்படுத்தினார். அந்தக் காலத்து 'லைட் வெயிட்' அதுதான். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தைச் சுற்றியுள்ள கல்வெட்டை 21 படங்களாக எடுத்து ஒட்டி, சுமார் 19 அடி நீளப் படமாக ஆக்கினார். இன்று நம் போனில் 'பனோரமா' என்று ஒரு பொத்தானை அழுத்துகிறோமே, அதற்கு அவர் பட்ட பாடு அது.

அடுத்தவர் ஜெர்மனிக்காரர் ஆஸ்கர் பர்னாக். அவருக்கு ஆஸ்துமா. விடுமுறை நாட்களில் தகட்டுக் கேமராவைத் தூக்கிக்கொண்டு மலைப்பாதையில் நடக்க மூச்சு வாங்கியது. சினிமா பிலிம் சுருளையே பயன்படுத்தி, கைக்குள் அடங்கும் கேமரா ஒன்றைச் செய்து பார்த்தார். 1925-ல் 'லைக்கா' என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தது. அதாவது, மலை ஏற முடியாத ஒரு மனிதரின் மூச்சிரைப்பிலிருந்து பிறந்ததுதான் சின்னக் கேமரா.

அந்த லைக்காவோடு உலகம் சுற்றியவர் பிரான்ஸ் நாட்டின் ஹென்றி கார்ட்டியே பிரஸ்ஸோன். 1950 ஏப்ரலில் அவர் திருவண்ணாமலையில் இருந்தார். ரமண மகரிஷியின் கடைசி நாட்களைப் படம் எடுத்தார். ஏப்ரல் 14 இரவு மகரிஷி சமாதியானபோதும் அங்கேயே இருந்தார். அதே மாதம் புதுச்சேரி போய், பல ஆண்டுகளாகக் கேமராவுக்கு முன் வராமல் இருந்த அரவிந்தரையும் எடுத்தார். நோயாளி படுத்திருக்கும் அறையிலும், ஒரு துறவியின் அறையிலும் பெரிய பெட்டியும் முக்காலியும் வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். கேமரா சிறிதாக இருந்ததால், இருக்கிறவர்கள் இயல்பாக இருந்தார்கள்.

திருவண்ணாமலைக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் இருக்கிற ஊர்தான் செஞ்சி.

ராஜகிரியில் ஒரு காலை

செஞ்சிக் கோட்டை என்றால் ஒரு மலை இல்லை, மூன்று. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி. மூன்றையும் இணைத்து மதில் ஓடுகிறது. ராஜகிரிதான் உயரம், சுமார் 800 அடி. பெரிய பெரிய பாறைகளை யாரோ குவித்து வைத்தது போன்ற மலை.

கவுன்டர் திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள். மதியத்துக்கு மேல் போனால் உச்சிக்கு ஏற விடமாட்டார்கள். எத்தனை மணி வரை என்று கீழேயே கேட்டுக்கொள்ளுங்கள். காலையில் போகச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. உள்கோட்டையில் நின்று பார்த்தால் ராஜகிரி மேற்கே இருக்கிறது. காலை வெயில் நேராக மலை முகத்தில் விழும். மாலையில் சூரியன் மலைக்குப் பின்னால் போய்விடும். அப்போது மலை கறுப்பு உருவமாகத்தான் கிடைக்கும். அதுவும் ஓர் அழகுதான். ஆனால் உங்கள் முகம் தெரியாது.

முதல் வேலை, வேட்டி நுனியாலோ கைக்குட்டையாலோ போன் லென்ஸைத் துடைப்பது. 'என் போனில் படம் மங்கலாக வருகிறது' என்பவர்களில் பாதிப் பேருக்கு மருந்து இதுதான். விரல் எண்ணெய் பட்ட லென்ஸில் வெயில் விழுந்தால் படம் முழுக்கப் புகை மூட்டமாக இருக்கும்.

இரண்டாவது, கல்யாண மகால். அடுக்கடுக்காக எழும்பிக் கூம்புக் கூரையில் முடியும் கட்டடம். பின்னால் மலை. எல்லோரும் கட்டடத்துக்குப் பக்கத்தில் போய் நின்று, போனில் 0.5 வைத்து எடுப்பார்கள். கட்டடம் வரும், பின்னால் இருக்கும் மலை கூழாங்கல் மாதிரி சுருங்கிவிடும். 'நேரில் எவ்வளவு பெரிசாக இருந்தது, படத்தில் வரலையே' என்று புலம்பல். செய்ய வேண்டியது நேர் எதிர். ஐம்பது, நூறு அடி பின்னால் போங்கள். போனில் 2 அல்லது 3 என்று தனி லென்ஸ் இருந்தால் அதை வையுங்கள். இப்போது மகாலும் மலையும் கிட்டத்தில் வந்து, மலை அதன் உயரத்தோடு நிற்கும். ஈஃபில் கோபுரத்துக்கும் இதே கணக்குதான். காலடியில் நின்று எடுத்தால் இரும்புக் கம்பிகள்தான் கிடைக்கும். தள்ளிப் போய், ஒரு தெரு முனையிலிருந்து எடுத்தால் கோபுரம் கிடைக்கும்.

மூன்றாவது, வெளிச்சம். வெயிலில் கருங்கல் வெள்ளையடித்த மாதிரி வெளிறிப்போகும். திரையில் மிகப் பிரகாசமான இடத்தைத் தொட்டு, பக்கத்தில் வரும் சூரியப் பொம்மையைக் கொஞ்சம் கீழே இழுங்கள். கல்லின் நிறம் திரும்பி வரும்.

நான்காவது, நெற்களஞ்சியம். உள்ளே இருட்டு. போன் தடுமாறும். பிளாஷ் போடாதீர்கள். எடுக்கப்படுகிறவரை வாசலைப் பார்த்து நிற்கச் சொல்லுங்கள். வாசல் வெளிச்சம் முகத்தில் விழும், பின்னால் இருட்டு தானாகவே திரைச்சீலை கட்டும். ஸ்டூடியோவில் காசு கொடுத்து வாங்கும் வெளிச்சம் அங்கே இலவசமாகக் கிடைக்கிறது.

பிறகு ஏறுங்கள். பாதி வழியில் கமலக்கண்ணி அம்மன் கோயில் வரும். உச்சிக்குச் சற்று முன்னால் மலையில் ஒரு பிளவு. அதைத் தாண்ட ஒரு பாலம். பகைவர் வந்தால் பாலத்தை எடுத்துவிட்டால் போதும், மேலே இருப்பவர்களை நெருங்க முடியாது. அவுரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கான் இந்தக் கோட்டையைப் பிடிக்க 1690-லிருந்து 1698 வரை முற்றுகை போட வேண்டியிருந்தது ஏன் என்பது, அந்தப் பாலத்தில் மூச்சு வாங்க நிற்கும்போது புரியும். கோட்டைக்குள் இருந்தவர் சிவாஜியின் மகன் ராஜாராம்.

அந்த இடத்தில், சகோதரி, உங்கள் கணவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். "இப்போது தோளில் நாலு கிலோ பை இருந்தால் நாம் மேலே போயிருப்போமா?" ஈஃபில் கோபுரத்தில் இரண்டாவது தளம் வரை படியேறிப் போனால் 674 படிகள். லிஃப்ட் இருக்கிறது, வாஸ்தவம். ஆனால் ஒரு வாரம் முழுக்க ரயில் நிலையப் படிகளுக்கும் குன்றுத் தெருக்களுக்கும் லிஃப்ட் கிடைக்காது.

படத்தில் இல்லாதவர்

எடையைவிட முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது.

1838-ல் பாரிஸில் லூயி டகேர் என்பவர் ஜன்னல் வழியே ஒரு தெருவைப் படம் எடுத்தார். வண்டியும் ஆளுமாக இருந்த தெரு. படத்திலோ வெறிச்சோடிக் கிடக்கிறது. படம் பதிய அந்தக் காலத்தில் பல நிமிடங்கள் ஆனதால், நடந்து போன யாரும் பதியவில்லை. பதிந்தது, காலணிக்குப் பாலிஷ் போட்டுக்கொள்வதற்காக ஓர் ஓரமாக நின்ற மனிதர்தான். புகைப்படத்தில் முதன்முதலாக விழுந்த மனிதர்களில் ஒருவராக, பெயர் தெரியாமலே அவர் நிலைத்துவிட்டார். மற்றவர்கள் எல்லாம் அங்கே இருந்தார்கள், படத்தில் இல்லை.

நம் வீட்டு ஆல்பங்களை எடுத்துப் பாருங்கள். ஊட்டி, கொடைக்கானல், திருச்செந்தூர் என்று எல்லாப் படத்திலும் அம்மா இருப்பார், பிள்ளைகள் இருப்பார்கள். அப்பா இருக்க மாட்டார். வீட்டில் கேமரா அவருடையது. வேறு யாரும் தொட்டால் ரிப்பேர் ஆகிவிடும் என்ற பயம். கடைசியில் அவரும் வந்தார் என்பதற்கு ஒரே சாட்சி, தரையில் விழுந்திருக்கும் அவருடைய நிழல். சில வீடுகளில் இது அம்மாவுக்கு நடக்கிறது. மூட்டையையும் தண்ணீர் பாட்டிலையும் பார்த்துக்கொண்டு ஓரமாக நிற்பவர் அவர்.

லேசான கேமரா என்று நான் சொல்வது கிராம் கணக்கை மட்டும் அல்ல. கை மாறுகிற கேமராதான் லேசான கேமரா. நீங்கள் அவரை எடுக்க வேண்டும், அவர் உங்களை எடுக்க வேண்டும், கீழே உட்கார்ந்திருக்கும் மாமனார் உங்கள் இருவரையும் எடுக்க வேண்டும். லட்ச ரூபாய்க் கேமராவை 'இந்தாங்க மாமா' என்று கொடுக்க எத்தனை பேருக்கு மனசு வரும்? கொடுத்தாலும், அதில் எதை அழுத்துவது என்று அவருக்குத் தெரியுமா? அதனால் அவர் ஒருவரே எடுப்பார். பாரிஸ் போய் வந்த பிறகு நானூறு படங்களில் நீங்கள் இருப்பீர்கள். அவர் எங்கே போனார் என்று உங்கள் பிள்ளைகள் ஒரு நாள் கேட்பார்கள்.

அதனால் செஞ்சிக்கு மாமனார், மாமியாரையும் கூட்டிப் போங்கள். முழங்கால் வலி என்றால் மலை ஏற வேண்டாம். கல்யாண மகால், களஞ்சியம், 1717-18-ல் கட்டிய சாதத்துல்லா கான் மசூதி, வேங்கடரமணர் கோயில் எல்லாமே தரையில்தான். நீங்கள் மலை ஏறி இறங்கும் நேரத்துக்கு அவர்களிடம் ஒரு போனைக் கொடுத்து, 'எங்களுக்கு இங்கே என்னென்ன பிடித்தது என்று பத்துப் படம் எடுத்து வையுங்கள்' என்று சொல்லுங்கள். அந்தப் பத்துப் படத்தை வீட்டுக்கு வந்து பார்த்தால், இரண்டு மாதமாகத் தெரியாத எத்தனையோ விஷயம் அவர்களைப் பற்றித் தெரியும்.

கீழே ஒரு வரி எழுதுங்கள்

புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நெடுநெடுவென்று கருங்கல் தூண்கள் நிற்குமே, அங்கே படம் எடுக்காத புதுமணத் தம்பதி யார்? பிரெஞ்சுத் தெருக்களின் மஞ்சள் சுவர்களில் எடுத்துவிட்டு, கடைசியாக அங்கே வருவார்கள். பிரெஞ்சுக்காரர்கள் செஞ்சியை 1750-லிருந்து 1761 வரை வைத்திருந்தார்கள். அந்தத் தூண்கள் செஞ்சியிலிருந்து போனவை. வேங்கடரமணர் கோயிலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தால், கடற்கரைப் படம் அதற்குப் பிறகு வேறு படமாகிவிடும்.

பயணக் கட்டுரைக்குப் பேர்போன ஏ.கே. செட்டியார் டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் புகைப்படக் கலை படித்தவர். காந்தியைப் பற்றி ஆவணப்படம் எடுத்தவர். அவரையே இன்று நாம் நினைத்துக்கொள்வது பெரும்பாலும் அவர் எழுதி வைத்ததால்தான். படம் எடுத்த அன்று இரவே, பத்துப் படத்துக்கு மட்டும் ஆளுக்கு ஒரு வரி எழுதுங்கள். எந்த இடம், யார் எடுத்தது, அப்போது என்ன பேசிக்கொண்டோம். 22 வயதில் 1714-ல் போரில் இறந்த ராஜா தேசிங்கின் கதையை மாமியார் சொன்னால் அதையும் எழுதுங்கள். 1960-ல் எம்.ஜி.ஆர். நடித்த படத்தை வைத்துத்தான் சொல்வார், பரவாயில்லை.

சில எச்சரிக்கைகள்

கையில் பிடித்து எடுக்கும் கேமராவுக்குக் கோட்டையில் தடை இல்லை. முக்காலி வைக்கவும் ட்ரோன் பறக்கவிடவும் தொல்லியல் துறையின் அனுமதி வேண்டும். பாரிஸிலும் லூவர் அருங்காட்சியகத்துக்குள் பிளாஷும் செல்ஃபி ஸ்டிக்கும் கூடாது. ஆக, முக்காலிக்கு வைத்திருந்த காசு மிச்சம்.

குரங்குகள் உண்டு. கையில் தின்பண்டம் இருந்தால் போனும் சேர்ந்து போகலாம். மணிக்கட்டில் மாட்டும் கயிறு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். பாரிஸ் ரயில் கூட்டத்தில் ஜேப்படிக்காரரிடமிருந்தும் அதுதான் காப்பாற்றும். மதில் ஓரத்தில் பின்பக்கமாக நகர்ந்துகொண்டே செல்ஃபி எடுக்காதீர்கள். முதலில் நின்று காலை ஊன்றுங்கள், பிறகு போனைத் தூக்குங்கள். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் கட்டாயம். சுவரில் பெயர் கீறுவது வேண்டாம். உங்கள் இருவர் பெயரும் கல்யாணப் பத்திரிகையிலேயே அழகாக அச்சாகியிருக்கிறது.

சரி, கேமரா வாங்கலாமா?

மலையில் இருக்கும்போது, 'இந்தப் படத்தை எடுக்க நினைத்தோம், போனில் வரவில்லை' என்று தோன்றுவதை எல்லாம் ஒரு தாளில் குறியுங்கள். வீட்டுக்கு வந்து அந்தத் தாளைப் பாருங்கள்.

தூரத்துப் பறவை, எதிர்மலையின் மண்டபம் என்று நாலைந்து வந்திருந்தால், தூரத்தை இழுக்கும் லென்ஸ் உடலோடு சேர்ந்தே இருக்கும் சிறிய கேமரா போதும். இருட்டில் எடுத்தது சரியில்லை, வீட்டில் பெரிதாக மாட்டும் அளவுக்குப் படம் வேண்டும் என்றால், கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் வகையில் சிறியதாக ஒன்று, ஒரே ஒரு லென்ஸோடு. லென்ஸோடு சேர்த்து அரைக் கிலோவைச் சுற்றி இருக்கட்டும். அதையும் முதலில் சென்னையில் இரண்டு நாள் வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். தாள் வெறுமையாக இருந்தால் எதுவும் வாங்காதீர்கள். மிச்சமாகும் பணத்தில் ஐம்பது படங்களைப் பிரின்ட் போட்டு நல்ல ஆல்பம் செய்யுங்கள். போனுக்குள் இருக்கும் படத்தை நீங்கள் பார்ப்பீர்கள். ஆல்பத்தில் இருக்கும் படத்தை வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் பார்ப்பார்கள்.

உங்கள் கணவர் சொன்னதும் தப்பில்லை. ஆயுசுக்கு ஒரு தடவை என்றால் படம் நன்றாகத்தான் வர வேண்டும். நன்றாக என்றால், அதில் அவரும் இருக்க வேண்டும் என்று மட்டும் அவரிடம் சொல்லுங்கள்.

மற்ற வாசகர்களுக்கும் இந்த வாரம் ஒரு வேலை. உங்கள் வீட்டு ஆல்பத்தில் மிகக் குறைந்த படத்தில் இருப்பவர் யார் என்று எண்ணிப் பாருங்கள். அவரிடமிருந்து கேமராவையோ தண்ணீர் பாட்டிலையோ வாங்கிக்கொண்டு, வெளிச்சம் முகத்தில் விழும்படி நிற்க வைத்து ஒரு படம் எடுங்கள். கீழே ஒரு வரியோடு அனுப்பி வையுங்கள். அடுத்த வாரம் பேசுவோம்.